பந்தயத் திடலும் கெடா மண்ணும்

சிங்கப்பூர் சிராங்கூன் வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை உண்டு. பந்தயத் திடல் இல்லை. அங்கு 1843இல் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு மாறின. பழைய திடல் ஃபேரர் பார்க் என்னும் விளையாட்டுத் திடலாயிற்று.

அத்திடலின் கதையை நான் கெடாவிலிருந்தே தொடங்குவேன். 1941 டிசம்பரில் ஜித்ரா போரில் பிரிட்டிஷ் படை தோற்றது. அப்படையின் கேப்டன் மோகன் சிங் ஜப்பானியரிடம் சரணடைந்து, அலோர் ஸ்டாரில் மேஜர் புஜிவாராவுடன் பேசினார். இந்தியத் தேசிய இராணுவத்திற்கு அங்கேதான் வித்திடப்பட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17இல், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் அந்தப் பழைய பந்தயத் திடலில் திரட்டப்பட்டனர். தம் படையில் சேருமாறு மோகன் சிங் அவர்களை அழைத்தார். 1943இல் நேதாஜி வந்தபின், மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலரும் அப்படையில் சேர்ந்தனர்.

இன்று சாலைப் பெயர் குதிரைகளை மட்டுமே நினைவூட்டுகிறது. கெடாவில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெயர் எஞ்சினாலும், அங்கு வாழ்ந்தோர் கதை தானாக எஞ்சாது. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் தத்தம் தோட்டத்து முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது நம் கடமையாகும்.