பெருமை எதில்?

கேள்வி: பிரபலங்கள் சிலர் தாங்கள் தன்பாலீர்ப்பாளர் என்று ஊரறியச் சொல்கிறார்களே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், வெருகல்

பதில்: பெருமை என்ற சொல்லைப் பரீட்சையில் தேறியவருக்கும் வீடு கட்டியவருக்கும் என்றே வைத்துவிட்டோம், அதனால்தான் இடறுகிறது. இங்கே அதற்குப் பொருள், தலைகுனிய மறுப்பது. எங்கள் இலங்கையில் தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாக்கிய தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் ஆங்கிலேயர் தந்தது. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 மே வரை ஆயிற்று.

எழுத்தாளர் ஷியாம் செல்வதுரையைப் பாருங்கள். கொழும்பில் பிறந்தவர், தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பின் குடும்பம் கனடா போனது. 1994 இல் வந்த அவருடைய 'ஃபனி போய்' நாவலில், கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை கட்டிக்கொள்ளும் ஒரு தமிழ்ச் சிறுவன் வருகிறான். பெரியவர்கள் அந்த விளையாட்டைப் பறிக்கிறார்கள். அவன் செய்த பிழை என்ன? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செல்வதுரை தானும் தன்பாலீர்ப்பாளர் என்பதை ஒளிக்கவில்லை. ஒரு தமிழ்ப் பெயர் அப்படி வெளிச்சத்தில் நின்றது, யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்த எத்தனையோ பிள்ளைகளுக்குத் துணை. வெருகல் முருகன் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் நின்றுதான் கும்பிடுகிறார்கள்.