அடிமையும் விடுதலையும்

‘அடிமை’ என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயந்து நிற்பதாகும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அஃது இறைவனுக்கு ஆட்பட்டாரது பெருமையைக் குறிக்கும். சோழர்காலக் கல்வெட்டுக்களிலோ கோயிலுக்கு விற்கப்பட்ட மக்களைக் குறிக்கும். ‘அப்துல்லாஹ்’ என்னும் இஸ்லாமியப் பெயர்க்கு அல்லாஹ்வின் அடிமை என்பதே பொருள். பவுல் அப்போஸ்தலரும் கிரேக்க மொழியில் தம்மைக் கிறிஸ்துவின் அடிமையென்றே கூறினார். தமிழ் வேதாகமம் அதனை ‘ஊழியக்காரன்’ என்றது. இறைவனுக்கு உரியவனை மனிதன் தன் உடைமையாக்கல் எங்ஙனம் தகும்? இவ்வினாவை மூன்று சமயத்தாரும் நெடுங்காலம் எழுப்பாதிருந்தமையே வியப்பு.

அடிமையை விடுவித்தல் பேரறம் என இஸ்லாம் விதித்தது. அபூபக்கர் விலைகொடுத்து மீட்ட பிலால், தொழுகைக்கு அழைக்கும் முதற்பேறு பெற்றார். ஆயினும் ஆப்பிரிக்க மக்களை முஸ்லிம் வணிகர் பாலைவழியிலும் கீழைக்கடலிலும், கிறிஸ்தவ வணிகர் அட்லாண்டிக் கடலிலும் கொண்டுசென்று விற்றனர். இந்நிலையில் துனிசியாவை ஆண்ட அஹமத் பே 1846ஆம் ஆண்டில் அடிமைமுறையை நீக்கினார். எசமானர் மார்க்கம் விதித்தவாறு அடிமைகளைப் பேணுகின்றிலர் என்றும், மார்க்கம் விடுதலையையே நாடுகின்றது என்றும் அவர் மார்க்க அறிஞர்க்கு எடுத்துரைத்தார். அவர்களுட் தலைமை வாய்ந்தோர் இசைந்தனர். பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்தது இதற்குப் பின்னர், 1848இல் ஆகும்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் இயற்றிய விடுதலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை விலக்கிவிட்டது. அன்று திருநெல்வேலிச் சீமையிலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளுக்கு விடிவு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் வந்தது. அதன்படி, ஒருவன் தன் அடிமை என்று கூறி எவரும் நீதிமன்றத்தில் உரிமை கோருதல் இயலாது. வரிப்பாக்கிக்காக அதிகாரிகள் அடிமையை விற்றலும் கூடாது. அடிமையை விற்றலையும் வாங்கலையும் குற்றமாக்கியது 1860இல் எழுந்த இந்தியத் தண்டனைச் சட்டமாகும்.

ராஜபாளையத்தினின்று மேற்கே தோன்றும் மலைத்தொடர்க்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு இருந்தது. அங்கே மிஷன் குருமார் 1847இல் மன்னர்க்கு விண்ணப்பம் செய்தனர். எட்டாண்டு கழிந்து, 1855இல், உத்திரம் திருநாள் மகாராஜா அடிமைமுறையை நீக்கி ஆணையிட்டார்.

எனினும், விலங்கை அகற்றிய சட்டம் கையில் ஒன்றுங் கொடுத்திலது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை உடையார்க்கு இரண்டு கோடிப் பவுன் ஈடு வழங்கியது. அடிமைகளாயிருந்தார்க்கு ஒரு காசும் இல்லை. நம் நாட்டிலும் நிலமின்றிக் கடன்பட்ட பண்ணையாள் முன்னை எசமானனிடமே உழைத்தான். விற்பனைச் சீட்டின் இடத்தைக் கடன்சீட்டு பற்றிக்கொண்டது. ஆதலின் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வேண்டுவதாயிற்று.

முன்பணம் கொடுத்து மனிதனைப் பிணிக்கும் வழக்கம் எங்கு உளதோ, அங்கு அவ்விடுதலைப் பணி முற்றுப்பெறவில்லை என்று நாம் அறிதல் வேண்டும். இறைவனுக்கு அடிமை என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், எச்சமயத்தாராயினும், பிறரைத் தமக்கு அடிமையாக்காது உழைத்தார்க்கு உரிய கூலியை உரிய காலத்தில் அளிப்பாராக.