முதல் எண்டூரன்ஸ் ரைடா? வேகத்தை விடு, கடிகாரத்தைப் பிடி

முதல் தடவை குதிரையில 40 கி.மீ. எண்டூரன்ஸ் ரைடுக்குப் பேர் கொடுக்கிற தங்கச்சிங்க எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "அக்கா, எவ்ளோ வேகமா போகணும்?" வேகத்தை அப்புறம் பாக்கலாம் பாப்பா. கடிகாரம் எங்க நிக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கோ.

நம்ம திருக்கோவிலூர்ல இருந்து திருவண்ணாமலைக்கு இருக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் 40 கி.மீ. அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கம் இந்த தூரத்துக்கு 6 மணி நேரம் கொடுக்குது. நடுவுல வர்ற ஓய்வும் அதுக்குள்ளதான். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. புதுசா தகுதிக்கு ஓட்டுறவங்களுக்கு மேல்வரம்பே வச்சிருக்கு: சராசரி மணிக்கு 16 கி.மீ. தாண்டக் கூடாது.

அந்த 6 மணியை வச்சுக் கணக்குப் போடு. ஓய்வு 40 நிமிஷம், நாடி இறங்கி டாக்டர் பாக்க 20 நிமிஷம்னு கழிச்சா மிச்சம் 5 மணி. குதிரை நடை மணிக்கு 6 கி.மீ., ட்ராட்ங்கிற மெதுவோட்டம் 13னு வச்சுக்கோ. பாதி நடை, பாதி ட்ராட்னா 4 மணி 52 நிமிஷம். கொஞ்சம் இறுக்கம்தான். அதனால ட்ராட்டை 24 கி.மீ. ஆக்கு, நாலரை மணியில முடிஞ்சிடும். அதைவிட வேகமான கேன்டருக்கு வேலையே இல்ல.

2023ல பிரான்ஸ்ல நடந்த இளையோர் உலக சாம்பியன்ஷிப்ல மலப்புரத்துப் பொண்ணு நிதா அஞ்சும் 120 கி.மீ. முடிச்சாங்களே, அவங்க சராசரியே மணிக்கு 16 கி.மீ. சுமார்தான். உனக்கு எதுக்கு 20?

மாட்டிக்கிற இடம், கால்நடை டாக்டர் குதிரையைச் சோதிக்கிற வெட் கேட். நீ கோட்டைத் தொட்டதும் கடிகாரம் நிக்காது. குதிரையோட நாடி இறங்கி, அதை நீ டாக்டர்கிட்ட காட்டுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். வழக்கமான வரம்பு நிமிஷத்துக்கு 64. பறந்து வந்து 3 நிமிஷம் மிச்சம் பிடிச்சவ, அங்க 10 நிமிஷம் தண்ணி ஊத்திக்கிட்டு நிப்பா. அதனால கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே நடைக்கு வந்துடு. கடைசி கொஞ்ச தூரம் இறங்கி, சேணப் பட்டையை ஒரு துளை தளர்த்தி, கூடவே நட.

நாடி பாக்க வீட்டுலயே பழகு. இடது முன்னங்காலோட முழங்கைக்குப் பின்னால ஸ்டெத்தை வச்சு 15 விநாடி எண்ணு. "லப்-டப்" ரெண்டும் சேர்ந்து ஒண்ணு. 16 வந்தா 64. அப்படியே உதட்டைத் தூக்கி ஈறை விரலால அழுத்திப் பாரு. வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள்ள சிவக்கணும்.

ஆரம்பத்துல கூட்டத்தோட பாயாதே. மத்த குதிரைங்களைப் பாத்தா உன் குதிரைக்கும் சூடேறும். முன்னாடி போறவங்க கண்ணுக்கு மறையட்டும், அப்புறம் கிளம்பு. ஒரு அஞ்சு நிமிஷம் போனா போகுது, பட்ஜெட்ல இடமிருக்கு.

பயிற்சிக்குத் தென்பெண்ணை ஆத்து மணல் இழுக்கும். சங்க காலத்துல கோவலூரை, அதான் நம்ம திருக்கோவிலூரை, ஆண்ட மலையமான் காரியோட குதிரைக்கும் காரின்னுதான் பேரு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு மணலைப் பாத்தா விரட்டத் தோணும். ஆழ மணல்ல நடை மட்டும்தான், இல்லன்னா கால் தசைநாண் போயிடும். ட்ராட்டுக்கு வயலோர மண் ரோடு போதும். தார் ரோட்டுல நீண்ட ட்ராட் வேண்டாம். கல்வராயன் மலைப் பக்கம் ஏற்றத்துல நடக்கவிடு, செங்குத்தான இறக்கத்துல நீயும் இறங்கிடு.

நம்ம ஊர் வெயிலுக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். வழியில தண்ணி கண்டா நிறுத்து, குடிக்கிற வரைக்கும் கடிவாளத்தைத் தளர்த்தி வை. வியர்வையில உப்பும் போகும். எலக்ட்ரோலைட் எவ்வளவுன்னு கால்நடை டாக்டரைக் கேட்டு, பயிற்சியிலயே கொடுத்துப் பழக்கு.

முடிச்சதும் உடனே லாயத்துல கட்டிடாதே. நொண்டுதான்னு பாக்க டாக்டர் ட்ராட் ஓட்டச் சொல்வார். கயிறைத் தளர்வா பிடிச்சு, குதிரையோட தோள்பக்கமா ஓடு. தலையை நீ இழுத்துப் பிடிச்சா, நல்லா இருக்கிற குதிரையும் நொண்டுற மாதிரி தெரியும்.