பள்ளிப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது யார்?

அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்றொரு வகைப் பள்ளி உண்டு. அரசுப் பணத்தில் நடக்கும். பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். நடத்துவது மட்டும் அரசல்ல, அனுமதி பெற்ற, பெரும்பாலும் லாப நோக்கமற்ற அமைப்பு. சாதாரணப் பொதுப்பள்ளிகளின் குழுவைப் பெரும்பாலும் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சார்ட்டர் பள்ளிக் குழுவுக்குப் பொதுவாக அந்த ஓட்டு இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்து மேலே படிப்போம்.

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு வறுமை மிகுந்த பகுதி. அங்கே டோனா என்ற சிற்றூரில் டாம் டோர்க்கல்சன், ஜோஆன் காமா என்ற இரு இளம் ஆசிரியர்கள் 2000-ஆம் ஆண்டு தொடங்கியதுதான் 'ஐடியா பப்ளிக் ஸ்கூல்ஸ்'. 150 பிள்ளைகளோடு ஆரம்பம். படித்து முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதே குறிக்கோள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் பலர். இந்த நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது நெஞ்சை உறுத்துகிறது.

இருபது ஆண்டுகளில் அது மாநிலத்தின் மிகப் பெரிய சார்ட்டர் அமைப்புகளில் ஒன்றானது. 2019 டிசம்பரில், தனி விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர்! ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு விமானம் எதற்கு என்று அந்தக் குழுவிலேயே ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வெளியே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் திட்டம் கைவிடப்பட்டது. கூடைப்பந்துப் போட்டிகளுக்குச் சொகுசு இருக்கைகள் வாங்கிய செலவும் வெளிவந்தது. டோர்க்கல்சன் 2020-இல் விலகினார். 9 லட்சம் டாலர் கொடுத்தனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, தணிக்கை ஆய்வின் அறிக்கை வந்ததும் காமாவைக் குழு பதவி நீக்கம் செய்தது.

கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவர்களாக அவர்கள் நமக்குத் தெரியவில்லை. தொடங்கி வைத்தவர் மேல் உள்ள மரியாதையில் குழு கேள்வி கேட்பதை விட்டுவிட்டது என்றே நினைக்கிறோம். அமானிதமாக ஒப்படைத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகாது. அதைச் செய்யத்தானே குழு?

குழு செய்யாததைக் கடைசியில் மாநிலம் செய்தது. 2024 மார்ச்சில் டெக்சாஸ் கல்வித் துறை இரண்டு மேற்பார்வையாளர்களை நியமித்தது. பள்ளிகள் மூடப்படவில்லை, பிள்ளைகளின் வகுப்புகள் வழக்கம்போல் தொடர்ந்தன.