வீடு வந்து சேராத பாராட்டு

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் உண்டு. நூறு வருடத்துக்கு முன்பிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் அங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள். முதலில் தோல் பதனிடும் வேலை. பிறகு பல தொழில்கள். அதில் ஒன்று இட்லி வியாபாரம். வீட்டில் பெண்கள் இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கித் தலையில் வைத்துக் கிளம்புவார்கள். கையில் ஒரு ரப்பர் ஹாரன். "பாம், பாம்" என்று அமுக்கினால் இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று தெருவுக்கே தெரியும்.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டு அம்மா 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து ஊற வைப்பார். சாயங்காலம் அரைப்பார். மார்கழி, தை மாதங்களில் மும்பையிலும் கொஞ்சம் குளிர் உண்டு. மாவு சீக்கிரம் பொங்காது. அதனால் பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்ப்பார். விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு எரியும்.

கணவர் மாதுங்கா பக்கம் விற்கப் போவார். "இந்தக் குளிரிலும் இட்லி பஞ்சு மாதிரி இருக்கே, அண்ணாச்சி!" என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். இவர் சிரித்துக்கொள்வார். சில்லறை வீட்டுக்கு வரும். காலிப் பாத்திரம் வரும். அந்தச் சொல் மட்டும் வராது.

வீட்டில் என்ன பேச்சு? "இன்னைக்குச் சட்னியில உப்பு கூட." அவ்வளவுதான். குறை இருந்தால் வாய் திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது. எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்.

அந்த அம்மா எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். எழுத்து வந்தது. எண்ணும் வந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று கணவரைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒரு நாள் கணவர் அந்த நோட்டைப் புரட்டினார். "அடேயப்பா! நம்ம வீட்டுல ஒரு கலெக்டர்!" என்று சத்தமாகச் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த வாரம் அவர் வகுப்புக்கும் போகவில்லை.

"ஏன் மைனி வரலை?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்.

"எழுத்து எனக்கு எதுக்கு மைனி? ஊரு சிரிக்கவா?"

உள்ளே படுத்திருந்த கணவர் காதில் இது விழுந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பாராட்டத்தான் நினைத்தார். நேரே சொல்லக் கூச்சம். அதனால் கேலியாகச் சொன்னார். கேட்டவருக்குக் கேலி மட்டுமே போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்து ஒரு வாடிக்கைக்காரருடன் தகராறு. "பாக்கியே இல்லை" என்றார் அவர். கணவருக்கு நினைவில்லை. வீட்டில் தேடி நோட்டை எடுத்துப் போய்க் காட்டினார். பணம் வந்தது. அன்று மத்தியானம் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, உன் நோட்டைக் காட்டித்தான் கணக்குத் தீர்ந்துது. செவ்வாய்க்கிழமை 12 இட்லின்னு தேதியோட எழுதியிருக்க. எனக்கு மறந்தே போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இட்லி பஞ்சு மாதிரின்னு மாதுங்காவுல தினமும் சொல்றாங்க. நீ ராத்திரி எந்திரிச்சு மாவு பாக்குறதாலதான் அது. இவ்வளவு நாளா உன்கிட்ட சொல்லலை."

"சரி, சரி. சாப்பிட வாங்க" என்றார் அந்த அம்மா. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

கணவர் இரண்டு முறை பாராட்டினார். "கலெக்டர்" என்பதில் மனைவி செய்த வேலை எதுவும் இல்லை. அதை யாருக்கும் சொல்லலாம். "12 இட்லி, தேதியோடு" என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். தன் வேலையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அதில் தெரிகிறது.

பிள்ளைகளிடமும் இப்படித்தான். "கெட்டிக்காரன்" என்பதைவிட, "தம்பி அழுதப்போ நீயே தூக்கிட்டுப் போய்ச் சமாதானம் பண்ணினியே" என்றால் பிள்ளைக்குப் புரியும். "நல்லா எழுதியிருக்க. ஆனா அக்கா மாதிரி வரலை" என்றால் முன்பாதி காதில் நிற்காது. பின்பாதிதான் நிற்கும்.

நண்பர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. கடன் கேட்கப் போகும்போது புகழ்ந்தால் அது ஐஸ் வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எதுவும் கேட்க வேண்டியிராத ஒரு நாளில் சொல்ல வேண்டும். "எங்க அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்னைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தியே" என்று ஒரு வருடம் கழித்துச் சொன்னாலும் கெட்டுப்போகாது.

நேருக்கு நேர் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று பயப்படுவோரும் உண்டு. பிள்ளையை மனதுக்குள் மெச்சினால் போதும் என்று ஔவையார் பெயரில் வழங்கும் பழைய பாட்டு ஒன்றும் சொல்கிறது. அதே பாட்டுதான் வேலைக்காரரை வேலை முடிந்ததும் மெச்சச் சொல்கிறது. வீட்டில் மாவு அரைப்பவர் செய்வது வேலை இல்லையா? வகுப்பில் இதை விவாதியுங்கள்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் தினமும் வேலை செய்கிற, யாரும் எதுவும் சொல்லாத ஒருவர் யார்? இந்த வாரம் அவர் செய்த ஒரு வேலையை 4 வரியில் எழுதுங்கள். "நல்லவர்", "கெட்டிக்காரர்" என்ற சொற்கள் வேண்டாம். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் வெளியூரில் இருந்தால் கடிதமாக அனுப்புங்கள்.