நாய் காட்டுக் காளானைத் தின்றுவிட்டால் செய்ய வேண்டுவன

மழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலையில், இரப்பர் மரங்களின் அடியிலும் பட்டுப்போன கட்டைகளிலும் லயன் வீடுகளின் புல்தரையிலும் காளான்கள் முளைத்து நிற்கக் காண்கிறோம். சிம்பாங் அம்பாட் அமைந்துள்ள தென் செபராங் பிறை மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி, காளானும் மிகுதி. உண்ணத் தகாத காளானை நம் முன்னோர் ‘நாய்க்குடை’ என்றனர். பெயரில் நாய் இருப்பினும், அதன் நஞ்சு நாயை விட்டுவைப்பதில்லை.

நஞ்சின் இரு வகை

முதல் வகை விரைவில் வெளிப்படுவது. புல்தரையில் பெரிய வெண்குடைபோல் முளைத்து, முதிர்ந்தபின் அடிப்புறம் பச்சை நிறம் பெறும் காளான் இதற்கு எடுத்துக்காட்டு. தின்ற சில மணி நேரத்தில் எச்சில் வடிதல், வாந்தி, பேதி ஆகியவை காணும். உடலில் நீர் வற்றுவதே இதில் பேராபத்து.

இரண்டாம் வகை தாமதித்துக் கொல்வது. ‘அமானிட்டா’ இனத்துக் காளான்கள் சிலவற்றிலுள்ள நஞ்சு கல்லீரலை அழிக்கும். தின்றபின் 6 முதல் 24 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் தோன்றாதிருக்கலாம். பின்னர் வாந்தியும் பேதியும் கண்டு, அவை நின்று, நாய் குணமடைந்தாற்போல் உலவும். அந்நேரத்திலும் கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த சில நாள்களில் மஞ்சட்காமாலையும் மரணமும் நேரலாம். ஆகவே, “வாந்தி எடுத்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று இருந்துவிடலாகாது.

செய்ய வேண்டுவன

1. நாயை அவ்விடத்திலிருந்து விலக்கி, வாயில் எஞ்சியிருப்பதை எடுத்துவிடுக. கடிபடாமல் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

2. தின்ற நேரத்தையும் ஏறத்தாழ எவ்வளவு தின்றது என்பதையும் குறித்துக்கொள்க.

3. அதே காளானில் ஒன்றை அடித்தண்டோடு தோண்டியெடுத்துக் காகிதத்தில் சுற்றுக. பிளாஸ்டிக் பையில் அது விரைவில் அழுகிவிடும்.

4. அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்க. வயிற்றிலுள்ள நஞ்சை வெளியேற்றவும், எஞ்சியதை மருந்துக்கரியால் ஈர்க்கவும் தொடக்க நேரமே ஏற்றது.

5. எலிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றையும் தின்றிருக்கலாம் என ஐயமிருப்பின், அவற்றின் புட்டியையும் எடுத்துச் செல்க.

செய்யத் தகாதன

உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர். மிகுந்த உப்பே நாய்க்கு நஞ்சாகும். பால், எண்ணெய் முதலியன நஞ்சை முறிக்கமாட்டா. மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றினால், அது மூச்சுக்குழாயில் புகுந்து உயிரைப் போக்கும்.

மனிதருக்கும் இது பாடம்

விலங்கோ பூச்சியோ கடித்த காளான் மனிதருக்கும் ஏற்றது என்பது தவறான நம்பிக்கை. கல்லீரலைத் தாக்கும் அந்நஞ்சு சமைத்தாலும் அழியாது. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து மக்கள்.

பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நஞ்சு மையம் இயங்கி வருகின்றது. எனினும், காளானை உண்ட மனிதரை முதலில் மருத்துவமனைக்கே கொண்டு செல்லல் வேண்டும்.

மழைக்காலத்தில் நாள்தோறும் காலையில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, முளைத்த காளான்களைக் கையுறையணிந்து பிடுங்கிப் புதைத்துவிடுக. நாய் திரியும் அதே புல்தரையில்தான் நம் குழந்தைகளும் விளையாடுகின்றனர்.