வீட்டு மின்கலங்கள்: உருவம் ஒன்று, உள்ளிருப்பது வேறு

சவுத்தாலில் வாழும் நம் மூத்தவர்கள் பலருக்கு, மின்கலம் என்றதும் ஊரில் வெயிலில் காயவைத்த ‘டோர்ச் பற்றரி’ நினைவுக்கு வரும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திற்கு எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படாத பொருட்களுள் மின்கலமும் ஒன்று. ஆகவே தீர்ந்துபோன மின்கலத்தை எறியாது வெயிலில் சூடேற்றி, வானொலிச் செய்தி கேட்கும் அளவுக்கேனும் மீண்டும் உழைக்கச் செய்தனர். அன்றைய மின்கலத்திற்கு அம்முறை ஓரளவு பொருந்தியது. இன்று நம் இழுப்பறையில் உள்ள எல்லா மின்கலங்களுக்கும் அது பொருந்தாது. சிலவற்றில் தீவிபத்துக்கே வழிவகுக்கும். எனவே மின்கலத்தின் அளவை மட்டுமன்றி, அதனுள் இருக்கும் இரசாயனத்தையும் அறிந்திருத்தல் அவசியமாகும். அதன் பெயர் பெரும்பாலும் மேலுறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

நாக–காபன் மின்கலம்

ஊரில் நாம் பயன்படுத்திய மின்கலம் இதுவே. இதன் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. நடுவே காபன் கோல் இருக்கும். மின்னழுத்தம் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்தத் துத்தநாகக் கூடே கரைந்து மெலிவதால், பழைய மின்கலம் கசிகிறது. ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதி மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே. பெயர் அவ்வாறிருப்பினும் ஆல்கலைன் வகையைவிட இவற்றின் ஆற்றல் குறைவு. சுவர்க்கடிகாரம், தொலையியக்கி போன்று சிறிதளவு மின்சாரமே தேவைப்படும் கருவிகளுக்கு இவை போதுமானவை.

ஆல்கலைன் மின்கலம்

இதிலும் துத்தநாகமும் மங்கனீசு ஈரொக்சைட்டும் உள்ளன. ஆனால் இடையிலுள்ள திரவம் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்னும் வலிய காரமாகும். மின்னழுத்தம் அதே 1.5 வோல்ட், உழைக்கும் காலமோ பல மடங்கு அதிகம். இவற்றுக்கு மின்னேற்ற முயலக்கூடாது. கருவிக்குள் வெண்ணிறப் பொடி காணப்பட்டால் காரம் கசிந்துள்ளது என்பது பொருள். கையுறை அணிந்து, எலுமிச்சைச் சாறு அல்லது வினாகிரியில் சிறிது நனைத்த துணியால் துடைக்கவும். கண்ணில் பட்டால் நீரால் நன்கு கழுவி, மருத்துவ உதவி பெறவும். புதிய மின்கலத்தோடு பழையதையும், ஒரு வகையோடு மற்றொன்றையும் சேர்த்து இடாதீர்கள். வலிமை குறைந்தது அளவுக்கு மீறி வெறுமையாகிக் கசியத் தொடங்கும். மின்கலத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் தேவையில்லை. அங்கு படியும் ஈரம் அதற்குக் கேடாகும்.

நிக்கல் மின்கலம்

நூற்றுக்கணக்கான தடவைகள் மின்னேற்றக்கூடிய ஏஏ, ஏஏஏ மின்கலங்கள் பெரும்பாலும் நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. இவற்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டே ஆயினும், பெரும்பாலான கருவிகள் இதில் நன்கு இயங்கும். விளையாட்டுப் பொருட்களுக்கு இவையே சிக்கனமானவை. ஆனால் பயன்படுத்தாமலேயே மெல்ல மெல்ல மின்னேற்றத்தை இழப்பதால் புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஏற்றவையல்ல. அக்கருவிக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையையே இடவும். பழைய கம்பியில்லாத் தொலைபேசிகளில் நிக்கல்–கட்மியம் மின்கலங்கள் இருக்கக்கூடும். கட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும் நச்சு உலோகம். அவற்றை ஒருபோதும் குப்பையில் இடலாகாது.

நாணய வடிவ லிதியம் மின்கலம்

‘சிஆர் 2032’ என்பது 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட 3 வோல்ட் மின்கலம். சமையலறைத் தராசு, கார்ச் சாவி, நவராத்திரிக் கொலுவில் வைக்கும் சிறு மின்விளக்கு ஆகியவற்றுள் இது இருக்கும். குழந்தை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கினால், ஈரமான திசுவினூடாக மின்னோட்டம் பாய்ந்து அவ்விடத்திலேயே காரம் உருவாகும். இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஏற்படலாம். கருவியை இயக்க இயலாதபடி தீர்ந்துபோன மின்கலமும் இத்தீங்கைச் செய்யவல்லது. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிக்காகக் காத்திராது 999 ஐ அழையுங்கள், அல்லது உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாந்தி எடுக்கச் செய்யவோ, உணவோ பானமோ கொடுக்கவோ வேண்டாம்.

லிதியம்–அயன் மின்கலம்

கைத்தொலைபேசி, மடிக்கணினி, மின் மிதிவண்டி ஆகியவற்றில் உள்ளது இவ்வகை. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். சிறிய இடத்தில் பெரும் ஆற்றலைத் தேக்குவது இதன் சிறப்பு. உள்ளிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றுவது என்பது இதன் ஆபத்து. நசுங்கினாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, பொருந்தாத மின்னேற்றியால் மின்னேற்றினாலோ, ஒரு கலத்தின் வெப்பம் அடுத்ததைப் பற்றிச் சில நிமிடங்களில் அறை முழுவதும் தீ பரவலாம். 2023ஆம் ஆண்டில் மட்டும் 170க்கும் மேற்பட்ட மின் மிதிவண்டி, மின் ஸ்கூட்டர் தீவிபத்துகளுக்கு இலண்டன் தீயணைப்புப் படையினர் சென்றுள்ளனர். சராசரியாக இரண்டு நாள்களுக்கு ஒன்று.

கடைகளுக்கு மேலுள்ள குடியிருப்புகளிலும், பலர் சேர்ந்து வாழும் வீடுகளிலும் வெளியேற ஒரே வழிதான் இருக்கக்கூடும். அவ்வழியில் மிதிவண்டியை நிறுத்தவோ மின்னேற்றவோ வேண்டாம். வண்டிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். உறங்கும்போது மின்னேற்றாதீர்கள். தீப்பற்றினால் அணைக்க முயலாது வெளியேறி, கதவை மூடி, 999 ஐ அழையுங்கள்.

தீர்ந்தபின் செய்ய வேண்டியவை

எந்த மின்கலத்தையும் வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடாதீர்கள். குப்பை வண்டிக்குள் நசுங்கும் லிதியம் மின்கலம் வண்டியையே எரிக்கக்கூடும். ஆண்டுக்கு 32 கிலோகிராமோ அதற்கு மேலோ சிறு மின்கலங்களை விற்கும் கடைகள், பயன்படுத்தியவற்றை இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது 2010 பெப்ரவரி முதல் சட்டமாகும். அவற்றை அக்கடையில் வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஈலிங் நகரசபையின் கிரீன்ஃபோர்ட் மீள்பயன்பாடு மற்றும் மீள்சுழற்சி நிலையத்திலும் ஒப்படைக்கலாம். லிதியம் மின்கலங்களின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். வீங்கியவற்றையும் மின் மிதிவண்டி மின்கலங்களையும் கடைப் பெட்டியில் இடாது, நிலைய ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்படையுங்கள்.

அன்று ஒரு மின்கலத்தையும் வீணாக்காது காத்த அதே கவனம் இன்றும் நமக்குத் தேவை. வெயிலில் காயவைப்பதற்கு மாறாக, மேலுறையிலுள்ள பெயரை வாசிப்பதில் அக்கவனத்தைச் செலுத்துவோமாக.